பூனைக்குட்டிகளுக்கு ஒரு தேயிலைப் பெட்டி

கல்யாணமாகி சூரியநெல்லி எஸ்டேட்டுக்கு வந்த முதல் மழைக்காலத்தில், என் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டது. தப்பு என்னுடையதில்லை, மழையுடையது. துணியெல்லாம் பூசணவாடை அடிக்கிறதே, சற்றுக் காற்றாடட்டும் என்று பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு பூனை என் கூறைப் புடவைமேல் படுத்துக்கொண்டு மூன்று குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், கதவைச் சாத்து, குளிருகிறது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தது. நானும் சாத்தினேன்.

சாயங்காலம் கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த என் மாமியார், இடுப்பில் சுற்றிய ரப்பர் சீட்டை அவிழ்த்துக்கொண்டே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, இதான் உங்க அம்மை வீட்டுச் சீரா? கட்டில் குடுப்பாக, பீரோ குடுப்பாக. பூனை குடுத்து இப்பத்தான் பாக்கேன்.”

“நான் கொண்டாரலீங்க அத்தை. அதுவா வந்து பெத்துப்போட்டுதுங்க.”

“பெத்துப்போட்டுதுங்களாம்ல! பூனைக்கு எதுக்குட்டி மரியாதை?”

எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோடு. அங்கே ‘ங்க’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. அத்தைக்கும் என் கணவருக்கும் திருநெல்வேலிப் பூர்வீகம். நான் வாயைத் திறந்தாலே லயத்தில் சிரிப்புதான். லயம் என்றால் ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாகத் தடுத்த வீடுகள். தடுப்புச் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். நான் “சோறு போடட்டுங்களா?” என்று கேட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் “போடுங்க, போடுங்க” என்று கத்தும். எனக்கு இன்னும் எஸ்டேட்டில் பேர் பதியவில்லை. அத்தை மலைக்கும் கணவர் ஃபாக்டரிக்கும் போய்விட்டால் நாள் முழுக்க நானும் மூடுபனியும்தான். நல்ல வெயிலில் வளர்ந்தவளை இப்படி ஈரத்துணிபோல மடித்து மலைமேல் வைத்துவிட்டார்களே என்று அடிக்கடி அழுவேன். அந்த நிலைமையில், நான் பேசினால் சிரிக்காத மூன்று ஜீவன்கள் என் பெட்டியிலேயே வந்து பிறந்தால் எப்படியிருக்கும்? உயிரையே வைத்துவிட்டேன்.

குட்டிகள் பெட்டிக்குள் கிடந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. அதுகளின் அசுத்தத்தையெல்லாம் தாயே நக்கித் துடைத்துவிடும். என் புடவைகூடத் தப்பித்தது. கண் திறந்து, கால் முளைத்து, பெட்டியைவிட்டுத் தொப்தொப்பென்று குதித்து இறங்கியபிறகுதான் வந்தது வினை.

வெளியே விட்டால் மழை. மழை விட்டால் அட்டை. ஒருநாள் வாசல்வரை போன கறுப்புக்குட்டியின் மூக்கில் ஒரு அட்டை ஏறிவிட்டது. அன்றோடு மூன்றும் வெளியுலகத்தைத் துறந்துவிட்டன; தாய்ப்பூனை மட்டும் வெளியே போய்வந்தது. வீட்டுக்குள் காய்ந்து, பொடியாக, தோண்டுவதற்கு வாகாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அடுப்புச் சாம்பல். சோற்றுக்கு வழியில்லாத வீட்டைச் சொல்லும்போது அடுப்பில் பூனை தூங்குகிறது என்பார்கள். எங்கள் வீட்டு அடுப்பில் பூனை தூங்கவில்லை. தோண்டி, காரியத்தை முடித்து, அழகாக மூடிவிட்டுப் போனது. விடியற்காலையில் அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். அந்தப் புகையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அடுப்பு வாயைத் தகரத்தால் மூடினேன். அடுத்ததாக அதுகள் கண்டுபிடித்த இடம் அத்தையின் கம்பளி. எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கு வருஷாவருஷம் கொடுக்கிற கம்பளி அது. அந்த வருஷத்துப் புதுக் கம்பளியை அத்தை தாம் போர்த்தாமல் மடித்து வைத்திருந்தார். ஆனைக்கரையில் ஏலத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்ட அவருடைய மகள், என் நாத்தனார், தலைப்பிரசவத்துக்கு வர இருந்தாள். பிறக்கப் போகும் பிள்ளைக்கு என்று வைத்த கம்பளியில் மூன்று குட்டிகளும் முறைபோட்டுக்கொண்டு போயிருந்தன.

அத்தை ஒரு சாக்கை எடுத்துக் கதவருகே ஆணியில் மாட்டினார்.

“இங்க பாருட்டி. வளைகாப்பு முடிஞ்சு என் மவ வந்துருவா. அதுக்குள்ள இதுக ஒரே எடத்துல போகப் படிக்கணும். இல்லேன்னா இந்தச் சாக்குல கட்டி லாரியில ஏத்திருவேன். போடியில போயி மோளட்டும்.”

அத்தை சொன்னால் செய்வார்.

முதலில் கம்பளியைத் துவைத்தேன். ஆனால் மழைக்காலத்தில் கம்பளி எங்கே காய்கிறது? வாடை அப்படியே இருந்தது. வாடை இருக்கும்வரை குட்டிகளும் அங்கேயே போயின. மறுபடி துவைத்து, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, தைல மர இலையைச் சுற்றிலும் போட்டு வைத்தேன். குட்டிகள் பக்கத்தில் வரவில்லை. என் கணவரும் வரவில்லை, தும்மித் தும்மி முழுசாக ஒரு வாரம் மூலையில் படுத்தார்.

அவருக்குத் தேயிலை சலிக்கிற பகுதியில் வேலை. உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு சாண் உயரம் விட்டு மீதியை அறுத்து எறிந்து, எனக்கு ஒரு தட்டுப்பெட்டி செய்து கொடுத்தார். அதில் மண்ணை நிரப்பினேன். மழையில் ஊறிய மண். குட்டிகள் காலை வைத்ததும் உதறிக்கொண்டு வெளியே வந்து, பெட்டியை ஒட்டினாற்போல் தரையில் போயின. செவலைக்குட்டிக்கு மட்டும் பெட்டியின் விளிம்பு பிடித்திருந்தது. அதன்மேல் தலையை வைத்துத் தூங்கியது.

“காஞ்சதா ஏதாவது வேணுமுங்க,” என்றேன்.

“பஞ்சு கொண்டாரட்டா?” என்றார் கணவர்.

தேயிலையைச் சலிக்கும்போது, பஞ்சுபோல் ஒரு தூசி பறந்து மூலையில் படியும். கூட்டிப் பின்பக்கக் குழியில் கொட்டிவிடுவார்கள். பீன்ஸ் கொடிக்கு உரம் போட லயத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவதுண்டு. அவரும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். காய்ந்து, மெத்தென்று, கையை விட்டால் எனக்கே எடுக்க மனசில்லை. அதைப் பெட்டியில் நிரப்பி, குட்டிகளின் பால் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். சாப்பிட்டு எழுந்ததும் வசதியாக இருக்குமே என்று நினைப்பு. ஒன்றுகூடப் போகவில்லை.

“நாம சோத்துத் தட்டு பக்கத்துல போவமா?” என்று கணவர் கேட்டபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. விறகு அடுக்குக்குப் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத மூலைக்குப் பெட்டி இடம் மாறியது.

பால் குடித்து முடித்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பஞ்சில் விடுவேன். முன்னங்காலைப் பிடித்து, இப்படித் தோண்டு என்று சொல்லிக் கொடுப்பேன். அப்புறம் எதிரே குந்திக்கொண்டு, கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் “ஸ்ஸ்ஸ்” என்பேன். ஒருநாள் அத்தை சீக்கிரம் வந்துவிட்டார்.

“ஏட்டி, பூனைய மோளச் சொல்லிட்டு நீ எதுக்கு ஸ்ஸ்ஸுங்கே?”

அன்றைக்குப் பார்த்துக் கறுப்புக்குட்டி தோண்டியது, உட்கார்ந்தது, ஆகாயத்தைப் பார்த்தது, மூடியது. நான் கைதட்டிவிட்டேன். சீக்கிரமே மற்ற இரண்டும் பழகிக்கொண்டன. வீட்டில் வேறெங்கும் ஒரு சொட்டுக் கிடையாது. அத்தை லயம் முழுக்கப் பெருமையடித்துவிட்டார், என்னவோ தாமே படிப்பித்ததுபோல. சாக்கை மட்டும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை.

அதுகள் படித்த பாடம் என்ன என்பது எனக்கு அப்போது தெரியாது. பெட்டியில் போகவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். தேயிலையில் போகவேண்டும் என்று அதுகள் படித்துக்கொண்டன.

மாதாமாதம் எஸ்டேட்டில் வீட்டுக்கு டீத்தூள் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அது நமுத்துப்போகும். அத்தை அதை ஒரு முறத்தில் பரப்பி, அடுப்புச் சூடு படுகிற இடத்தில் தரையில் வைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வைத்திருந்தார். மத்தியானம் ஃபாக்டரி டீமேக்கரின் ஜீப் எங்கள் லயத்து முன்னால் சேற்றில் புதைந்தது. அவர்தான் ஃபாக்டரியில் எல்லாம். தேயிலையைப் பதம் பார்ப்பவர், என் கணவர் வேலையில் நிற்பதும் போவதும் அவர் கையில். பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. ஆண்களெல்லாம் ஜீப்பைத் தள்ளப் போக, அவர் மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கினார்.

டீமேக்கர் லயத்துக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. அத்தைக்குக் கை கால் ஓடவில்லை. பெஞ்சைத் துடைத்துப் போட்டு, முறத்திலிருந்து காய்ந்த தூளாகப் பார்த்து அள்ளி, இருந்த பாலையெல்லாம் ஊற்றி டீ போட்டுக் கொடுத்தார். அவர் பதம் பார்க்கிற பழக்கத்தில் “உர்ர்ர்” என்று சத்தமாக உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சுழற்றினார். நானும் அத்தையும் மூச்சை அடக்கி நின்றோம்.

“கொள்ளாமே, நல்லா இருக்கே!” என்றார். “இது ஏது ஃபீல்டு இலை?”

“நம்ம ஃபாக்டரித் தூளுதான் ஐயா.”

“நம்ம தூளா? ஒரு வாசனை கூடுதல் உண்டே!” என்று இன்னொரு வாய் உறிஞ்சினார். டம்ளரைக் காலி செய்து, மிச்சமிருந்ததையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஜீப்பைத் தள்ளிக்கொண்டே இதைப் பார்த்துவிட்டு, சேறும் சகதியுமாக உள்ளே வந்த என் கணவருக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. “எம்மா, அவரு எந்த டீயையும் முழுங்க மாட்டாரு. வாயில வச்சுத் துப்பிருவாரு. இன்னைக்கு முழுங்கிட்டாரும்மா!” இதைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அத்தை சிரித்த முகத்தோடு முறத்திலிருந்த தூளை டப்பாவில் அள்ளினார். நடுவில் ஒரு உருண்டை அகப்பட்டது. நமுத்த தூள் கட்டிபோட்டிருக்கிறது என்று விரலால் நசுக்கினார். அப்புறம் மோந்து பார்த்தார்.

அந்தச் சமயம் செவலைக்குட்டி விறகுக்குப் பின்னாலிருந்து வந்து, முறத்தருகே நின்று, தன் இடத்தில் இந்தப் பொம்பளைக்கு என்ன வேலை என்பதுபோல் பார்த்தது.

அத்தை எத்தனை தரம் கை கழுவினார் என்று கேட்காதீர்கள். நான் வாழ்நாளில் வாங்கிய பெரிய திட்டு அன்றைக்கு வாங்கியதுதான். அத்தனையும் குசுகுசுவென்று. சத்தம் போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமே.

“பாவிமட்டை! டீமேக்கரய்யா வாயில... ஐயோ, அவரு ரெண்டாம் தடவ வேற கேட்டு வாங்குனாரே! வெளிய தெரிஞ்சா என் மவன் வேலை போயிரும்ட்டி!” என்று குசுகுசுத்தபடியே போய் ஆணியிலிருந்த சாக்கை எடுத்தார்.

நானும் குசுகுசுவென்றே அழுதேன். “வேண்டாமுங்க அத்தை. அதுகளுக்கு என்னங்க தெரியும்? நான் சொல்லிக் குடுத்ததத்தானுங்க செஞ்சுதுங்க.”

செவலையின் பிடரியைப் பிடித்துத் தூக்கியவர், பாதியில் நின்றுவிட்டார். அவர் முகம் மாறியது.

“ஏட்டி, இதுக இப்பம் தேயிலை எங்க கெடந்தாலும் போகுமோ?”

“போகுமுங்க.”

“லாரி ஃபாக்டரி வாசல்லதான நிக்கும்? எறங்கி உள்ள போயிட்டா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஃபாக்டரி மாடியில் பச்சைக் கொழுந்தை வாட வைக்க, வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் பரப்பி வைத்திருப்பார்கள். பூனைக்குட்டியின் கண்ணால் பார்த்தால் அது எப்பேர்ப்பட்ட இடம்! அத்தை ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு செவலையை மெதுவாகக் கீழே விட்டு, சாக்கை மறுபடி ஆணியில் மாட்டினார்.

“படிச்சத மறக்க வை. என் மவ வரதுக்குள்ள. மறக்கலேன்னா வேற மலைக்கே கொண்டு வுட்டுருவேன், ஆமா. என் மவன்ட்ட மூச்சு விடாத. டீமேக்கரப் பாத்தாலே சிரிச்சுத் தொலைப்பான்.”

டப்பாவும் தூளும் அன்றைக்கே பீன்ஸ் கொடிக்குப் போயின. தேயிலைக்குப் பதிலாக மணல் என்று முடிவு செய்தோம். ஓடையில் மணல் இருந்தது, ஆனால் சொட்டச் சொட்ட ஈரம். அதை எப்படிக் காய வைப்பது? அத்தையே வழி கண்டார். பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றி, மணலைக் கொட்டி, கரண்டியால் வறுத்தார். கரகரவென்ற சத்தம் கூரைக்கடியில் லயம் முழுக்கப் போயிற்று.

“மதினி, என்னத்த வறுக்கீக?” என்றது பக்கத்து வீட்டுக் குரல்.

“கடலை!” என்றார் அத்தை, யோசிக்காமல்.

அவ்வளவுதான். வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டன. பூனைக்கு மணல் வறுக்கிறோம் என்று சொன்னால், முந்தா நாள்வரை பஞ்சுதானே போட்டீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். அத்தை என்னைக் கடைக்கு ஓடவிட்டு, நிஜமாகவே கடலை வாங்கி வறுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். அப்புறம் மணல் வறுத்த நாளெல்லாம் கடலையும் வறுக்கவேண்டியதாயிற்று. அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டைப்போல் தாராளமான வீடு சூரியநெல்லியிலேயே இல்லை.

முதல்நாள் பஞ்சை மொத்தமாக எடுத்துவிட்டு மணலைக் கொட்டினேன். அவசரக் குடுக்கை நான். கறுப்புக்குட்டி பெட்டிக்குமுன் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டு, என் கணவரின் செருப்பில் போயிற்று. மறுபடி பஞ்சைப் போட்டேன். இந்தத் தடவை ஒரு பிடி பஞ்சை எடுத்து ஒரு பிடி மணலைக் கலந்தேன். அதுகள் ஒத்துக்கொண்டால் இன்னொரு பிடி. முகத்தைச் சுளித்தால் அப்படியே விட்டுவிடுவேன். திட்டவில்லை, அடிக்கவில்லை, சரியாகப் போனால் ஒரு நெத்திலித் தலை.

மூன்றாவதான வரிக்குட்டியும் கறுப்பும் மெல்ல மணலுக்கு வந்துவிட்டன. செவலை மட்டும் மற்றவை போனபின் பெட்டியில் காலை வைக்க மறுத்தது.

“காலைல கக்கூஸ் வரிசைல நிக்கறப்ப நமக்கு எப்படியிருக்கு?” என்றார் அத்தை. “மூணு பேருக்கு ஒண்ணு போதுமாட்டி? ஆளுக்கு ஒண்ணு குடு. மேல ஒண்ணு இருந்தாலும் நல்லதுதான்.”

லயத்துக் கக்கூஸ் வரிசையில் காலங்காலமாக நின்றவர் சொல்கிறார், கேட்காமல் இருப்பேனா? கணவர் ஏன் எதற்கு என்று தெரியாமலே இன்னும் மூன்று பெட்டி அறுத்துக் கொடுத்தார். செவலைக்கு அதன் தனிப்பெட்டி பிடித்துப்போயிற்று. மலைமேல் என் கணவரைக் காட்டிலும் வசதியாக அதுதான் போய்வந்தது.

நாத்தனார் வரும் நாளும் வந்தது. கை நிறைய வளையலும் வாய் நிறைய ஏப்பமுமாக வந்து கட்டிலில் சாய்ந்தாள். ஆனைக்கரை பஸ்ஸில் வந்த அலுப்பு. அவளுக்கென்று அத்தை புதுத் தூளை முறத்தில் பரப்பி, அடுப்போரம் வைத்தார். வேண்டுமென்றேதான் வைத்தார். பரீட்சை. அன்றைக்குத் தோற்றால் சாக்குதான்.

மூச்சு விடுவதற்குள் வாசலில் ஜீப் சத்தம். டீமேக்கர்.

“அம்மே, அன்னைக்குக் குடிச்ச அந்த டீ இன்னும் நாக்கில நிக்குது. ஒரு கிளாஸ் கிட்டுமா?”

அத்தை என்னைப் பார்த்தார். நான் முறத்தைப் பார்த்தேன். செவலைக்குட்டி முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக வந்தது. மோந்தது. முன்னங்காலைத் தூக்கித் தூளின்மேல் நீட்டியது. எனக்குக் கொல்லங்கோட்டுத் தெய்வங்களெல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தன. அது காலை மடக்கிக்கொண்டது. திரும்பி, நேராக விறகுக்குப் பின்னால் போய், தன் பெட்டியில் ஏறி, மணலைத் தோண்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைப்போல் ஒரு இனிமையை நான் கேட்டதில்லை.

அத்தை தைரியமாகத் தூளை அள்ளி டீ போட்டார். டீமேக்கர் “உர்ர்ர்” என்று உறிஞ்சினார். வாய்க்குள் சுழற்றினார். முகம் வாடியது. எழுந்து வாசலுக்குப் போய் மழையில் துப்பினார்.

அவர் துப்பியதும் அத்தை முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை, பின்னால் பேரன் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை. எனக்கோ ஓடிப்போய் டீமேக்கர் காலில் விழலாம்போல் இருந்தது.

“இது அதல்லவே அம்மே,” என்றார் டீமேக்கர் வருத்தமாக. “அந்த வாசனை இல்லை. அன்னைக்கு என்ன சேர்த்தீங்க?”

“அது எப்பமாவது அமையிறது ஐயா,” என்றார் அத்தை, தலையைக் குனிந்து மிகவும் பணிவாக. “அந்தக் கைப்பக்குவம் எனக்கும் கெடையாது, என் மருமவளுக்கும் கெடையாது.”

ஜீப் போனதும் அத்தை ஆணியிலிருந்த சாக்கை எடுத்தார். உதறினார். நாலாக மடித்து விறகுக்குப் பின்னால் கொண்டுபோய், செவலையின் பெட்டிக்கு அடியில் விரித்தார். தரை ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்றார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி, வழக்கமான குரலில் என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, என் மவளுக்கு ஒரு டீ போடுங்க!”